இழுப்பு நின்ற பிறகு வரும் கால் மணி நேரம்

கை கால் வெட்டி இழுக்க, கண் மேலே செருக, வாயில் நுரை தள்ளக் கிடக்கிற ஒருவரைப் பார்த்தால், அது பிட்ஸ் என்று எங்கள் ஊரில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகூடச் சொல்லிவிடும். நான் எழுத வந்தது அந்த இரண்டு நிமிடங்களைப் பற்றி அல்ல. இழுப்பு நின்ற பிறகு வருகிற கால் மணி, அரை மணி நேரத்தைப் பற்றி. தாமதமாக வந்து சேர்கிறவர்கள், அதாவது ரோந்துக் காவலரும் ஆம்புலன்ஸ் ஊழியரும் மருத்துவமனை வாசலில் சீட்டு எழுதுகிறவரும் பார்ப்பது அந்த நேரத்து மனிதரைத்தான். அவர் தள்ளாடுகிறார். நாக்குக் குழறுகிறது. பெயர் கேட்டால் முறைக்கிறார். சட்டையெல்லாம் மண், கால்சட்டை நனைந்திருக்கிறது. கையைப் பிடித்தால் உதறுகிறார். இத்தனையும் ஒருவரிடம் சேர்ந்திருந்தால் எங்கள் பக்கத்தில் அவருக்கு ஒரே பெயர்தான்.

திருப்பூரில் சனிக்கிழமை சம்பள நாள். பனியன் கம்பெனிகளில் வாரக் கூலி கைக்கு வரும். அன்று இரவு சாலையோரம் விழுந்து கிடப்பவரைச் சுற்றிக்கொண்டு நடந்துபோக ஊர் பழகிவிட்டது. அதை நான் பெரிய குற்றமாகச் சொல்லவில்லை. பத்துப் பேர் குடித்துக் கிடக்கிற இடத்தில் பதினோராவது ஆளையும் அப்படியே எண்ணுவது மனித இயல்பு. ஒரு சனிக்கிழமை அந்தப் பதினோராவது ஆள் என் தம்பி.

தம்பிக்குப் பதினான்கு வயதிலிருந்து வலிப்பு நோய் இருக்கிறது. கம்பெனியில் கட்டிங் மேஜைப் பக்கம் போகக்கூடாது என்று வைத்தியர் சொன்னதால் செக்கிங்கில் இருக்கிறான். ஏற்றுமதி ஆர்டர் முடிக்க வேண்டிய வாரம் அது. தொடர்ந்து ஒன்றரை ஷிப்ட் பார்த்திருக்கிறான், தூக்கம் இல்லை. வலிப்பு உள்ளவர்களுக்குத் தூக்கக் கேடும் மாத்திரை தவறுவதும்தான் பெரிய எதிரிகள். பஸ் நிறுத்தத்தில் விழுந்தான். விழுந்ததைப் பார்த்தவர் ஒரு பூக்காரம்மா மட்டும். அவர் தண்ணீர் வாங்கிக்கொண்டு திரும்பியபோது இழுப்பு நின்றிருந்தது, சுற்றிலும் புதிய ஆட்கள். "குடித்துவிட்டு விழுந்துவிட்டான்" என்று யாரோ சொன்னார்கள். ரோந்தில் வந்த காவலர் தோளைப் பிடித்துத் தூக்கினார், தம்பி கையை வீசினான். அது அடிக்க வந்ததாயிற்று. இரண்டு பேர் சேர்ந்து அவனைக் குப்புறத் தள்ளி முதுகில் முழங்காலை வைத்து அழுத்தினார்கள். ஆம்புலன்ஸ் வந்தபோது, "போதையில் விழுந்தவர், தகராறு செய்கிறார்" என்று ஒப்படைத்தார்கள். மருத்துவமனைச் சீட்டில் போதை என்ற சொல் ஏறியது. நடைபாதையில் ஸ்ட்ரெச்சரில் மல்லாக்கப் போட்டுவிட்டு, தெளியட்டும் என்று போய்விட்டார்கள்.

அங்கே இரண்டாவது முறை இழுத்தபோதுதான் ஒரு இளம் மருத்துவர் ஓடிவந்து அவனை ஒருக்களித்துப் படுக்கவைத்தார். வாயைத் திறந்து பார்த்தார். நாக்கின் ஓரம், நுனி அல்ல, பக்கவாட்டில் கிழிந்து ரத்தம் கட்டியிருந்தது. "இது போதையில் விழுந்த காயம் இல்லை, பிட்ஸில் கடித்தது" என்றார். நாக்கின் பக்கவாட்டுக் கடி பெரும்பாலும் வலிப்பைக் காட்டிக்கொடுக்கும் என்பதை அன்றுதான் அறிந்தேன். அம்மா அவன் தலைமாட்டில் நின்று, "சாமி, இங்கே பார் சாமி" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவனுக்கு அம்மாவை அடையாளம் தெரிய இன்னும் வெகுநேரம் ஆயிற்று.

இதில் யாரும் பொய் சொல்லவில்லை. என்னை இன்றைக்கும் உறுத்துவது அதுதான். நிறுத்தத்தில் நின்றவர் சொன்ன ஒரு சொல் காவலரிடம் போய், ஆம்புலன்ஸுக்குப் போய், சீட்டில் எழுத்தாகி, மருத்துவரின் கண்ணுக்கும் நோயாளிக்கும் நடுவே உட்கார்ந்துகொண்டது. வலிப்பு வந்துபோன பிறகு உடம்பில் அது பெரும்பாலும் தடயம் வைப்பதில்லை. ஸ்கேன் சரியாக இருக்கலாம், மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் இ.இ.ஜி. சோதனையும் இயல்பாக இருக்கலாம். விழுந்தவருக்கு ஒன்றும் நினைவிருக்காது. வைத்தியருக்கு மிஞ்சுவது பக்கத்தில் நின்றவரின் வாய்மொழி. அந்த வாய்மொழி "விழுந்தார், இத்தனை நிமிடம் இழுத்தது, முகம் இந்தப் பக்கம் திரும்பியது" என்று இருந்தால் அது வைத்தியத்தில் பாதி. "குடித்திருக்கிறார்" என்று இருந்தால் எல்லாம் வேறு வழியில் போய்விடும்.

அந்தக் குழப்ப நேரத்தில் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் யாரும் அவனை அழுத்தியிருக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன். வலிப்பின்போது மூளை நரம்பணுக்கள் கூட்டம் கூட்டமாக ஒரே நேரத்தில் மின்துடிப்பை வெளியிடுகின்றன. அது அடங்கியதும் மூளை சோர்ந்து கிடக்கிறது. கரண்ட் போன ஊரில் ஒவ்வொரு தெருவாக விளக்கு வருவதுபோல், திறன்கள் ஒவ்வொன்றாகத் திரும்புகின்றன. பலருக்குக் கால்கள் முன்னால் வந்துவிடும், புரிந்துகொள்ளும் திறன் பின்னால் வரும். எழுந்து நடப்பார், ஆனால் நீங்கள் பேசுவது அவருக்கு வெறும் சத்தம். அந்த நிலையில் பிடித்தால் உடம்பு தானாக முரண்டும், அது எண்ணிச் செய்வதல்ல. இன்னும் அழுத்தினால் இன்னும் முரண்டும். குப்புறப் போட்டு முதுகில் பாரம் வைத்தால் மூச்சே திணறும், உயிருக்கே ஆபத்து. செய்ய வேண்டியது எளிது. எதிரே நிற்காமல் பக்கத்தில் நின்று, தணிந்த குரலில் ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லலாம். சாலையையோ படிக்கட்டையோ வாய்க்காலையோ நோக்கி நடந்தால் மட்டும் குறுக்கே நின்று மெல்லத் திருப்பிவிடலாம்.

உண்மையிலேயே குடித்திருந்தால்? அப்போதும் விஷயம் முடிந்துவிடுவதில்லை. தினமும் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால், நிறுத்திய ஒன்றிரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரக்கூடும். கோயிலுக்கு மாலை போட்டுக் குடியை ஒரே நாளில் விட்டவர்களுக்கு இப்படி ஆவதை எங்கள் பக்கத்தில் பலர் பார்த்திருப்பார்கள். சாமி குற்றம் என்று பேசிக்கொள்வார்கள். குடித்து விழுந்தவருக்குத் தலையில் உள்காயம் இருக்கலாம். சர்க்கரை நோயாளிக்கு ரத்தச் சர்க்கரை சரிந்தாலும் இதே தள்ளாட்டம், இதே குழறல், சில சமயம் இழுப்பும் வரும். கூடவே உடம்பு வியர்த்துக் கொட்டும். விரல் நுனியில் ஒரு குத்து, ஒரு சொட்டு ரத்தம், சில நொடிகளில் விடை. தமிழ்நாட்டில் 108 சேவை 2008இல் தொடங்கியது. அந்த வண்டிகளில் சர்க்கரை பார்க்கும் கருவி இருக்கிறது. மயங்கிக் கிடக்கிற எவருக்கும், வாயில் வாடை அடித்தாலும்கூட, முதலில் அதைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

நோம்பிச் சாட்டிய, அதாவது கோயில் திருவிழா அறிவித்த, ஊரில் இந்தத் தவறு வேறு வடிவம் எடுக்கிறது. கம்பம் நட்டு, பம்பையும் உடுக்கையும் அடிக்க, வெயிலில் பட்டினி விரதத்தோடு நிற்கிற கூட்டத்தில் ஒருவர் சாய்ந்தால், அருள் வந்துவிட்டது என்றுதான் முதலில் தோன்றும். அருள் வருவதை நான் கேலி பேசமாட்டேன். நான் பிறந்து வளர்ந்த ஊர் அது, என் ஆத்தாவுக்கும் வந்திருக்கிறது. ஆனால் வித்தியாசம் தெரியும். அருள் வந்தவர் கேட்டதற்குப் பதில் சொல்வார், பம்பைக்கு ஆடுவார், விழும்போதுகூடப் பிடிக்கிற கையில் விழுவார். வலிப்பு வந்தவர் அப்படியே சாய்வார், தலை கல்லில் மோதும், யார் கேட்டாலும் பதில் இருக்காது. எங்கள் ஊர்க் கோயிலில் ஒரு பெண்ணுக்கு இப்படி ஆனபோது, "யார் வந்திருக்கிறது, சொல்லு தாயி" என்று கேட்டுக்கொண்டே முகத்தில் கைப்பிடி திருநீற்றை வீசினார்கள். அவள் பெருமூச்சு விட்டு இழுத்துக்கொண்டிருந்த நேரம் அது. திருநீறு மூக்கிலும் வாயிலும் எச்சிலோடு குழைந்து அப்பிக்கொண்டது. அவளுடைய மாமியார்தான் முந்தானையால் துடைத்துத் துடைத்து எடுத்தார்.

இழுக்காத வலிப்பும் உண்டு. வெளியாட்கள் அதிகம் தவறாகப் புரிந்துகொள்வது அதைத்தான். மூளையின் ஒரு பகுதியில் மட்டும் தொடங்குகிற வலிப்பில் ஆள் விழாமலே இருக்கலாம். பேச்சு நடுவில் நின்றுவிடும், பார்வை எங்கோ நிலைக்கும். வெற்றிலை மெல்வதுபோல் வாய் அசையும். தம்பிக்கு வரும்போது வலது கை சட்டைப் பித்தானைப் பிடித்துத் திருகும், விடும், திரும்பப் பிடிக்கும், நூல் அறுந்து பித்தான் உதிர்கிறவரை விடாது. ஓரிரு நிமிடத்தில் முடிந்துவிடும், அவனுக்கு எதுவும் தெரியாது. சிலர் இந்த நிலையில் நடந்துபோவார்கள், கைக்கு அகப்பட்டதை எடுத்துப் பைக்குள் போடுவார்கள். கடைக்காரர் திருட்டு என்பார். வகுப்பில் ஆசிரியை கவனமில்லை என்பார். நூற்பாலை விடுதியில் தங்கி வேலை பார்க்கிற பெண் இப்படி வெறித்து நின்றால், காதல் விவகாரம் என்றோ காத்து கருப்பு என்றோ கதை கட்டுவார்கள். நிமிடத்தில் நிற்கிற, ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வருகிற வெறிப்பு என்றால் நரம்பியல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

எதிர்த் திசைத் தவறும் சிறியதல்ல. வலிப்பே இல்லாதவரை வலிப்பு நோயாளி ஆக்கிவிடுவது. வெயிலில் நெடுநேரம் வரிசையில் நின்று மயங்கி விழுகிறவருக்கு மூளைக்கு ரத்தம் குறைவதால் கை கால் சில நொடிகள் வெட்டும். ஜெர்மன் மருத்துவர்கள் 1994இல் வெளியிட்ட ஆய்வில் ஆரோக்கியமானவர்களைச் சம்மதத்தோடு மயங்கவைத்துப் படமெடுத்தார்கள். முழுதாக நினைவிழந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு வெட்டி இழுத்தது. இப்படி விழுந்தவரைப் படுக்கவைத்துக் காலைச் சற்று உயர்த்தினால் தெளிந்துவிடுவார். நம் கூட்டம் செய்வது நேர் எதிர்: தாங்கிப் பிடித்து உட்காரவைப்பது. உட்காரவைத்தால் தலைக்கு ரத்தம் ஏறாமல் இழுப்பு நீளும். பார்ப்பவர் "பிட்ஸ்" என்பார், பிறகு வருடக்கணக்கில் தேவையில்லாத மாத்திரை.

இதைவிட அச்சமூட்டுவது ஒன்று இருக்கிறது. இதயம் நின்றுபோன முதல் நொடிகளிலும் உடம்பு சிறிது நேரம் இழுக்கலாம். வலிப்பு என்று எண்ணி எல்லோரும் விலகிக் காத்திருந்தால் உயிர் போய்விடும். ஆகவே இழுப்பு நின்றதும் நெஞ்சைப் பாருங்கள். வலிப்பு முடிந்தவர் குறட்டைபோல் கனமாக, ஆனால் சீராக மூச்சு விடுவார். மூச்சே இல்லை, அல்லது எப்போதோ ஒருமுறை வாய் பிளந்து ஏங்குகிறார் என்றால் அது இதயம். அந்த நொடியே நெஞ்சின் நடுவில் இரண்டு கைகளாலும் வேகமாக அழுத்தத் தொடங்க வேண்டும். கூடவே இன்னொருவர் 108ஐ அழைக்கட்டும்.

"நடிக்கிறாள்" என்ற தீர்ப்பும் உண்டு, பெரும்பாலும் பெண்கள் மேல்தான் விழுகிறது. மூளையின் மின்துடிப்பில் கோளாறு இல்லாமலே, மன அழுத்தத்தின் வழியாக இழுப்பு வருகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வேண்டுமென்று செய்வதில்லை, நிறுத்து என்றால் நிறுத்தவும் முடியாது. கன்னத்தில் அறைவதும் கண்ணிமையை நெரிப்பதும் வைத்தியம் அல்ல. அவர்களுக்கு வேண்டியது மனநல மருத்துவம். வாசலில் நிற்கிற நமக்கு எது எது என்று பிரிக்கத் தெரியாது, பிரிக்க வேண்டியதும் இல்லை.

சில சமயம் இழுப்புக்குப் பிறகு ஒரு பக்கக் கை கால் சிறிது நேரம் செயலற்றுத் தொங்கும். லண்டன் மருத்துவர் ராபர்ட் பென்ட்லி டாட் 1849இலேயே விவரித்தது. சில மணி நேரத்தில், நீண்டால் ஓரிரு நாளில், தானாகச் சரியாகிவிடும். ஆனால் பார்ப்பவருக்கு அது பக்கவாதமாகத் தெரியும். பக்கவாதமாகவே இருந்தால் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நான்கரை மணி நேரம்தான் கெடு. அது எது என்று முடிவெடுக்க மருத்துவர் கேட்கப்போகிற முதல் கேள்வி, "கை தொங்குவதற்கு முன்னால் இழுத்ததா?" பதில் தெரிந்தவர் யார்? பூக்காரம்மா. அவர் பஸ் நிறுத்தத்திலேயே நின்றுவிடுகிறார். யாராவது பார்த்தவரை வண்டியில் ஏற்றிக்கொள்ளுங்கள், முடியாவிட்டால் அவருடைய போன் எண்ணை வாங்கிச் சட்டைப்பையில் வையுங்கள் என்று 108 ஊழியர்களிடம் கெஞ்சிக் கேட்கத் தோன்றுகிறது.

வலிப்பு வந்தவர் கையில் இரும்புச் சாவியைக் கொடுக்கிற வழக்கத்துக்கு வருகிறேன். தம்பியின் வலது உள்ளங்கையில் ஒரு வெள்ளைத் தழும்பு இருக்கிறது. இழுத்துக்கொண்டிருந்த கையில் யாரோ சாவிக்கொத்தைத் திணித்து, அதன்மேல் அவர்கள் கையை வைத்து இறுக்கினார்கள். சாவியின் பல் சதைக்குள் இறங்கியது. இரும்புக்கு வலிப்பை நிறுத்தும் சக்தி இல்லை. பெரும்பாலான வலிப்பு இரண்டு மூன்று நிமிடத்தில் தானாக நிற்கும், சாவியைத் தேடி எடுத்துக் கொடுக்கவும் அவ்வளவு நேரம் ஆகும். அதனால் சாவிக்குப் பெயர் வந்துவிட்டது. வாயில் கரண்டி வைத்தால் பல் உடையும், விரல் வைத்தால் விரல் போகும். நாக்கை விழுங்கிவிடுவார் என்பது கட்டுக்கதை. தண்ணீரோ சோடாவோ ஊற்றினால் நுரையீரலுக்குள் போகும். தலைக்கு அடியில் துண்டையோ செருப்பில்லாத உங்கள் பாதத்தையோ கொடுங்கள். கழுத்துப் பித்தானைத் தளர்த்துங்கள், இழுப்பு குறைந்ததும் ஒருக்களித்துத் திருப்பி எச்சில் வெளியே வடிய விடுங்கள், கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால், நினைவு திரும்பாமல் மறுபடி இழுத்தால், தண்ணீருக்குள் இருக்கும்போது வலிப்பு வந்தால், கர்ப்பிணி என்றால், முதல் முறை என்றால், 108. கூட்டத்தைக் கலையச் சொல்லுங்கள். நனைந்த கால்சட்டையோடு கண் விழிக்கிற மனிதரைச் சுற்றி ஐம்பது முகங்கள் இருக்க வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் ஒரு அட்டை போதும் என்று நான் சொன்னபோது வீட்டில் பெரிய சண்டை. சட்டைப்பையில் "எனக்கு வலிப்பு நோய் உண்டு" என்று எழுதி வைத்துக்கொள்ளச் சொன்னேன். அம்மா ஒப்பவில்லை. பெண் வீட்டார் கம்பெனி வாசலில் விசாரிப்பார்கள், பக்கத்து ஆளுக்குத் தெரிந்தால் ஊருக்கே தெரியும் என்றார். அம்மாவின் பயம் காரணமில்லாதது அல்ல. வலிப்பு உள்ளவரின் திருமணத்துக்கு இந்து திருமணச் சட்டத்திலேயே தடை இருந்தது, 1999இல்தான் நீக்கினார்கள். சட்டம் மாறிய வேகத்தில் சம்பந்தம் பேசுகிற திண்ணைகள் மாறவில்லை. ஆனால் மறைத்ததன் விலையை முதுகில் முழங்காலோடு கொடுத்தது என் தம்பிதான். இப்போது அட்டை இருக்கிறது. தமிழில், பெரிய எழுத்தில்: "எனக்கு வலிப்பு நோய் உண்டு. நான் தள்ளாடினால் அது போதை அல்ல. என்னைப் பிடிக்க வேண்டாம், பக்கத்தில் இருங்கள்." கீழே மாத்திரையின் பெயர், என் போன் எண். போனின் பூட்டிய திரையிலும் அதே வரிகள்.

கடைசியாகச் செல்போன் படம். விழுந்தவரைப் படமெடுக்கிறவர்கள் மேல் எனக்குப் பொல்லாத கோபம் இருந்தது. சென்ற வருடம் தம்பி டீக்கடை வாசலில் விழுந்தபோது ஒரு கல்லூரிப் பையன் எடுத்திருந்தான். மற்றவர்கள் போல அதை வாட்ஸ்அப்பில் போடவில்லை. கடைக்காரரிடம் எங்கள் எண்ணைக் கேட்டு வாங்கி, "அக்கா, டாக்டரிடம் காட்டுங்கள், உதவும் என்று எடுத்தேன்" என்று அனுப்பிவைத்தான். கோவையில் நரம்பியல் மருத்துவர் அதைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார். முதலில் தலையும் கண்ணும் வலுக்கட்டாயமாக இடது பக்கம் திரும்புகின்றன, இடது வாய்க்கோடி துடிக்கிறது, பிறகுதான் உடம்பு முழுக்க இழுக்கிறது. அப்படியானால் மூளையின் வலது பக்கத்தில் தொடங்குகிறது என்றார். மறுபடி எடுத்த ஸ்கேனில் வலது பக்கத்தில் ஒரு சின்னச் சுண்ணாம்புத் தழும்பு, நாடாப்புழு முட்டை விட்டுப்போனது. பன்றிக் கறி தொடாத சைவக் குடும்பத்துக்கும் கழுவாத காய்கறி, அசுத்தத் தண்ணீர் வழியாக அது வரும். எத்தனையோ வருடம் சாப்பிட்ட மாத்திரை மாறியது. அதற்குப் பிறகு வலிப்பு வெகுவாகக் குறைந்திருக்கிறது.

ஆகவே எடுக்கலாம். ஒருவர் தலையைப் பார்த்துக்கொள்ள, இன்னொருவர் எடுக்கட்டும். முகமும் இரு கைகளும் தெரிய வேண்டும், முடிந்த பிறகு அவர் பேசிப்பார்க்கிற முதல் சில நிமிடங்களும் வேண்டும். எடுத்ததை அவர் வீட்டாரிடம் கொடுத்துவிட்டு, உங்கள் போனில் அழித்துவிடுங்கள்.